ராக்கெட்டுக்குள் நிற்கும் மனிதனின் எடை

தேவா,

உன் கடிதம் இன்று காலைத் தபாலில் வந்தது. இன்று புதன்கிழமை. நாளை முதல் பஸ்ஸில் உன் தாய்மாமன் திருப்பதிக்கு வருகிறான். இதை அவன் கையில் கொடுத்து, உன் கையில்தான் சேர்க்க வேண்டும், அறை ஜன்னலில் செருகிவிட்டு வரக்கூடாது என்று சொல்லி அனுப்புகிறேன். முதலில் ஒரு கார்டில் நாலு வரி எழுதினேன். கார்டை யார் வேண்டுமானாலும் படிக்கலாம் என்று கிழித்துப் போட்டேன். தவிர, நாலு வரியில் எழுதினால் உனக்குக் கோபம்தான் வரும், மடித்து வைத்துவிட்டு வேறு வேலை பார்க்கப் போய்விடுவாய். அந்தக் கோபம் எந்த வீட்டுச் சொத்து என்று எனக்குத் தெரியாதா? அதனால் நீளமாகவே எழுதுகிறேன். வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு உன் கல்லூரிப் பலகையில் யுனிவர்சிட்டி பரீட்சைக்குப் போகிறவர்கள் பட்டியல் ஒட்டுவார்கள் என்று எழுதியிருக்கிறாய். அதற்கு முன்னால் இதைக் கடைசி வரி வரைக்கும் படித்துவிடு.

உன் கடிதத்தை உன் அம்மாவுக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டினேன். அவள் மொச்சை உரித்துக்கொண்டிருந்தாள். செலக்‌ஷன் பரீட்சைக்கு நீயே ஒரு பௌதிகக் கேள்வி தயாரித்ததையும், பிரின்சிபால் அதைப் பார்த்துவிட்டு இதுதான் இந்தக் காலத்துக் கேள்வி என்று மெச்சியதையும் படித்தபோது அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீ. சண்டை முடிகிற சமயத்தில் லண்டன் மேல் வந்து விழுந்த ராக்கெட்டுகளைப் பற்றிப் பேப்பரில் வந்ததை எல்லாம் வெட்டி வைத்திருந்தவன் அல்லவா நீ, அதிலிருந்து ஒரு கணக்கு பிறந்ததில் எனக்கும் பெருமைதான். ராக்கெட் ஒன்று தரையிலிருந்து நேர் மேலே கிளம்புகிறது. பத்து விநாடியில் அதன் வேகம் விநாடிக்குத் தொள்ளாயிரத்து அறுபது அடி ஆகிவிடுகிறது. வேகம் ஒரே சீராகக் கூடியது என்று வைத்துக்கொண்டால் முடுக்கம் என்ன? உள்ளே நூற்றிருபது பவுண்டு எடையுள்ள மனிதன் ஒருவன் நின்றால், கிளம்பும்போது அவன் பாதம் ராக்கெட்டின் தளத்தை எத்தனை பவுண்டாக அழுத்தும்? விடையையும் கீழே எழுதியிருந்தாய். முடுக்கம் தொண்ணூற்றாறு. அது புவியீர்ப்பின் முப்பத்திரண்டைப் போல மூன்று மடங்கு. ஆகவே மனிதனின் எடையும் மூன்று மடங்கு, முன்னூற்று அறுபது பவுண்டு. இரண்டு தடவை படித்தேன். இரண்டு தடவையும் எனக்குச் சரியாகத்தான் பட்டது. இருபத்தாறு வருஷம் இதே பாடத்தை நடத்தியவன் இதைச் சொல்கிறேன்.

அப்போது உன் அம்மா கை நிறுத்தாமல் கேட்டாள். "அது கெளம்பறதுக்கு மின்னாடி, சும்மா நிக்கிறச்சே, உள்ள கீறவன் எவ்ளோ கனம்?"

நூற்றிருபதுதான் என்றேன். "அப்ப அந்த நூத்தி இருவது எங்க போச்சி?" என்றாள்.

அவள் என்னைப் பார்க்கக்கூட இல்லை, அடுத்த மொச்சையை எடுத்துவிட்டாள். நான் எழுந்து போய்ப் பழைய நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன். நீயும் இப்போதே ஒரு தாளை எடுத்துப் போட்டுப் பார். உன் வழியிலேயே போ. ராக்கெட் கிளம்பவே இல்லை, தரையில் நிற்கிறது. முடுக்கம் பூஜ்யம். உன் கணக்குப்படி மனிதனின் எடையும் பூஜ்யம். சித்தூர் கடைத்தெருவில் சும்மா நிற்கிற ஆள் யாருக்கும் எடை கிடையாது என்று ஆகிறது. நிற்கிறவனைத் தாங்கவே தளம் நூற்றிருபது பவுண்டு கொடுத்துக்கொண்டிருக்கிறது, தேவா. அவனை மேலே தள்ள வேண்டிய முன்னூற்று அறுபது அதற்கு மேல். இரண்டையும் கூட்டினால் நானூற்று எண்பது. மூன்று மடங்கு இல்லை, நான்கு மடங்கு.

இனிமேல்தான் நான் எழுத வந்த விஷயம். கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், வேடிக்கை போல ஒன்று எழுதியிருந்தாய். வகுப்பில் நாற்பது பையன்களும் முன்னூற்று அறுபது என்று எழுத, பத்மாவதி என்கிற ஒரே ஒரு பெண் மட்டும் நானூற்று எண்பது என்று எழுதினாள் என்று. நீ பூஜ்யம் போட்டாய். விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் எழுந்து, ராக்கெட் நிற்கும்போதும் எடை உண்டே சார் என்று தெலுங்கில் கேட்டாள். பையன்கள் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். அவள் உட்காராமல் மறுபடியும் கேட்டதால் மணி அடிக்கும் வரைக்கும் நிற்க வைத்தாய். அந்த ஒரு கணக்கின் மார்க் போனதால் அவள் பௌதிகத்தில் மூன்று மார்க்கில் தவறிவிட்டாள், யுனிவர்சிட்டி பரீட்சைக்கு அவளை அனுப்ப மாட்டார்கள். திருமலையில் கோயில் வேலையில் இருக்கும் அவளுடைய பெரியப்பா, தவறினால் படிப்பு போதும் என்று முன்பே சொல்லியிருக்கிறாராம், மாப்பிள்ளையும் பார்த்தாயிற்றாம். இதை எல்லாம் ஒரே மூச்சில் எழுதிவிட்டு, கீழே பஸ் சார்ஜ் ஏறியதைப் பற்றி எழுதுகிறாய். எனக்கு அதற்கு மேல் படிக்க ஓடவில்லை.

உன்னை ஒன்று கேட்கிறேன், எனக்குப் பதில் எழுத வேண்டாம், உனக்கு நீயே சொல்லிக்கொள். மற்ற விஷயங்களை எல்லாம் கிறுக்கலாக எழுதுகிற நீ, இந்தக் கணக்கை மட்டும் ஏன் இவ்வளவு திருத்தமாக, படிப்படியாக, கோடு போட்டு எழுதினாய்? தன் விடையில் சந்தேகம் இல்லாதவன் அதை ஓய்வுபெற்ற வாத்தியாருக்கு அனுப்பி வைப்பானா? அவள் இரண்டாவது தடவை எழுந்து கேட்டாளே, அந்த நிமிஷமே உனக்குச் சந்தேகம் தட்டிவிட்டது. அதனால்தான் நிற்க வைத்தாய். நைனா சரி என்று எழுதிவிட்டால் நிம்மதியாகத் தூங்கலாம் என்றுதான் அனுப்பினாய். நான் உன்னைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறேன் என்று நினைக்காதே. அந்தச் சந்தேகம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும். அதை உள்ளே வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டலாம் என்பதும் தெரியும்.

வெதுருகுப்பத்துக் கிணறு விஷயம் உனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருப்பாய். அப்போது உனக்கு ஐந்து வயது. கயிறு இற்றுப் போயிருந்தது, அறுந்துவிட்டது, ஆபிரகாமுக்குக் காது போயிற்று, இவ்வளவுதான் நான் உனக்குச் சொன்னது. இங்கே சித்தூரில் நம் சர்ச்சில் மணி அடிக்கிற அதே ஆபிரகாம்தான். தான் அடிக்கும் மணி தனக்கே கேட்காததால், ஆராதனை நடத்தும் உபதேசியார் வாசலுக்கு வந்து கையைக் காட்டும் வரைக்கும் அடித்துக்கொண்டே இருப்பார். சின்ன வயதில் நீ அதைப் பார்த்துச் சிரிப்பாய், நான் உன் தலையில் குட்டுவேன். உனக்கு நல்ல பழக்கம் சொல்லிக்கொடுக்கத்தான் குட்டினேன் என்று நினைத்திருப்பாய். அப்படி இல்லை. அந்தச் சிரிப்பை என்னால் கேட்க முடியவில்லை.

அந்த வருஷம் மழை இல்லை. நான் அப்போது வெதுருகுப்பத்து மிஷன் பள்ளியில் இருந்தேன். பள்ளிக் கிணறு வற்றிவிட்டது. சபையார் எல்லோரும் சேர்ந்து அதை ஆழப்படுத்த ஆரம்பித்தோம். நாற்பது அடிக்குக் கீழே பாறை. பாறையில் குழி போட்டு, மருந்து அடைத்து, திரி வைத்து வெடிக்கச் செய்ய வேண்டும். ஆபிரகாம் ஒரு கூடையில் உட்கார்ந்து இறங்குவார், திரிகளைப் பற்ற வைப்பார், கூடையில் ஏறிக்கொண்டு சத்தம் கொடுப்பார். கூடையின் கயிறு மேலே கப்பியில் ஏறி ஒரு ஜோடி மாட்டின் நுகத்தடிக்குப் போகும். வயலுக்குத் தண்ணீர் இறைக்கிறது போலத்தான், மாடுகள் சரிவில் இறங்கினால் கூடை மேலே வரும். மாடுகள் முனுசாமியுடையவை. அவர் நகரிப் பக்கத்துக்காரர், சபையைச் சேர்ந்தவர் இல்லை, மாடுகளோடு எங்களுக்கு வேலைக்கு வந்திருந்தார். அவருக்கு ஒரு பழக்கம். ஆபிரகாம் சத்தம் கொடுத்ததும் மாடுகளை முடுக்க மாட்டார். மூக்கணாங்கயிற்றைக் கையில் பிடித்து நாலடி நடத்துவார். தொய்ந்து கிடக்கிற கயிறு விறைத்து, கூடை தரையை விட்டுக் கிளம்பியது தெரிந்த பிறகுதான் ஓட்டுவார்.

அந்த நாலடி நடை எனக்குப் பொறுக்கவில்லை. கையில் கடிகாரம் வைத்திருந்த ஒரே ஆள் நான். திரி எரியும் நேரத்தை அளந்தேன், நாலு குழிக்குப் பற்ற வைக்கிற நேரத்தை அளந்தேன், கூடை ஏறுகிற நேரத்தை அளந்தேன். எல்லாம் சேர்த்தால் மிச்சம் மிகக் குறைவாக இருந்தது. எடுத்த எடுப்பிலேயே மாடுகளை ஓட்டினால் நேரம் மிச்சமாகும் என்று கணக்கு சொன்னது. கயிறு தாங்குமா என்று அந்த ஊர் உபதேசியார் கேட்டார். சனிக்கிழமை எல்லோரும் பார்க்க முன்னூறு பவுண்டு கல்லை அதில் கட்டித் தொங்கவிட்டேன். அரை மணி நேரம் தொங்கியது. ஆபிரகாமும் கூடையும் சேர்ந்து நூற்றைம்பது பவுண்டு, கயிறு இரண்டு மடங்கு தாங்குகிறது என்று கரும்பலகையில் எழுதிக் காட்டினேன். மறுநாள் ஆராதனை முடிந்ததும் உபதேசியார் அதை அறிவிப்புகளோடு சேர்த்து வாசித்தார். வேத வசனத்துக்கும் விவாக அறிவிப்புக்கும் அடுத்தபடியாக என் கணக்கு. எனக்குத் தலைகால் புரியவில்லை.

திங்கட்கிழமை காலை ஆபிரகாம் இறங்கி நாலு திரியையும் பற்ற வைத்துச் சத்தம் கொடுத்தார். முனுசாமி மூக்கணாங்கயிற்றைப் பிடித்துக்கொண்டு என்னைப் பார்த்தார். "மொதல்ல நடக்க வுட்டுக்கறேன் சார், கயிறு சும்மா தொங்கிகினு கீது" என்றார். நான் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை. ஓட்டு என்றேன். அவர் நின்றார். ஓட்டு என்று மறுபடியும், கொஞ்சம் சத்தமாகச் சொன்னேன். அவர் ஓட்டினார். மாடுகள் சரிவில் பாய்ந்தன, தொய்ந்த கயிறு ஒரே வெட்டில் விறைத்தது, கூடை ஓர் ஆள் உயரம் கிளம்பியது, கப்பிக்குப் பக்கத்தில் கயிறு அறுந்தது. அது விறைத்த அந்தக் கணத்தில், அறுவதற்கு முன்னாலேயே, எனக்குத் தெரிந்துவிட்டது. தொங்கவிட்ட கல் சும்மா தொங்கிக்கொண்டுதானே இருந்தது? வெடுக்கென்று மேலே இழுக்கும்போது கயிறு ஆளின் எடையையும் சுமக்க வேண்டும், அந்த இழுப்பையும் சுமக்க வேண்டும். நான் நிற்பதை மட்டும் எண்ணி, கிளம்புவதை விட்டுவிட்டேன். நீ கிளம்புவதை எண்ணி, நிற்பதை விட்டுவிட்டாய். அப்பனும் மகனும் ஒரே கணக்கை ஆளுக்குப் பாதி தப்பாகப் போட்டிருக்கிறோம்.

கீழே நாலு திரியும் எரிந்துகொண்டிருந்தன. ஆபிரகாம் இடுப்பு அடிபட்டு எழுந்திருக்க முடியாமல் கிடந்தார். முனுசாமி ஓடி வந்து கிணற்று விளிம்பில் குப்புற விழுந்து, திரியைப் பிடுங்கு, பிடுங்கு என்று கத்தினார். ஆபிரகாம் ஊர்ந்து ஒன்றைப் பிடுங்கினார். இரண்டாவதைப் பிடுங்கினார். மூன்றாவதையும் பிடுங்கிவிட்டார். நான் என்ன செய்துகொண்டிருந்தேன் என்று கேள். கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எத்தனை விநாடி மிச்சம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நாலாவது வெடித்தது. புகை அடங்குவதற்குள் முனுசாமி தண்ணீர்க் கயிற்றைப் பிடித்து இறங்கி, ஆபிரகாமைத் தன் முதுகில் கட்டி மேலே கொண்டுவந்தார். இரண்டு விரலும் இரண்டு காதும் போயின, உயிர் இருந்தது.

அந்த வாரமே சபைக் கூட்டம் போட்டார்கள். முனுசாமி சபை ஆள் இல்லை என்பதால் உள்ளே வரவில்லை, சர்ச் வாசற்படியில் தலைத்துண்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பெரியவர்கள் பேசினார்கள். வாத்தியார் கயிற்றைச் சோதித்தது எல்லோருக்கும் தெரியும், முன்னூறு பவுண்டு தாங்கியதைக் கண்ணால் பார்த்தோம், அப்படியானால் மாட்டைக் கண்மூடித்தனமாக ஓட்டியவன்தான் காரணம் என்றார்கள். நான் ஓட்டச் சொன்னது கிணற்றங்கரையில் நின்ற அவருக்கும் எனக்கும் மட்டும்தான் கேட்டிருந்தது. உபதேசியார் என் பக்கம் திரும்பி, சார் ஏதாவது சொல்ல விரும்புகிறீர்களா என்று கேட்டார். நான் எழுந்து நின்றேன். சொல்ல வேண்டிய வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது, மூன்றே வார்த்தை. ஓட்டச் சொன்னது நான். ஆனால் வாயிலிருந்து வந்தது வேறு. ஜெபம் பண்ணுவோம் என்றேன்.

நன்றாக ஜெபித்தேன், தேவா. ஆபிரகாமுக்காக, அவர் பெண்டாட்டி பிள்ளைகளுக்காக, கிணற்றுக்காக, மழைக்காக ஜெபித்தேன். பெண்கள் பக்கத்தில் விம்மி அழுதார்கள். அந்த ஜெபத்தைப் பற்றி அந்த ஊரிலிருந்து வருகிற யாராவது இன்றைக்கும் பேசுவார்கள், நான் தலையை ஆட்டிக்கொள்வேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது வாசற்படியில் யாரும் இல்லை. அதற்குப் பிறகு முனுசாமி மாட்டை யாரும் கூப்பிடவில்லை. ஆளைக் கிணற்றில் போட்டவன் என்று பெயர் வந்துவிட்டது. மாடுகளை விற்றுவிட்டு எங்கோ போய்விட்டார். அடுத்த வருஷம் எனக்குச் சித்தூர் ஹைஸ்கூலுக்கு மாற்றல் வந்தது, நல்ல வாத்தியார் என்று. ஆபிரகாமைச் சபை இங்கே மணியடிக்கும் வேலைக்குக் கூட்டிவந்தது. பதினெட்டு வருஷமாக ஒவ்வொரு ஞாயிறும் அந்த மணி நிற்காமல் அடிப்பதைக் கேட்டுக்கொண்டு நான் உட்கார்ந்திருக்கிறேன்.

போன வருஷம் நீ வேலையில் சேர்ந்தபோது உன்னைக் கொண்டுவந்து விடத் திருப்பதிக்கு வந்தேனே, அன்று நீ கல்லூரிக்குப் போன பிறகு நான் அலிபிரிக்குப் போனேன். வேடிக்கை பார்க்க இல்லை. உண்மையில், முனுசாமி அங்கே மலைக்கு டோலி தூக்குகிறார் என்று கேள்விப்பட்டுத்தான் போனேன். படி ஆரம்பிக்கிற இடத்தில் டோலிக் கம்புக்குப் பக்கத்தில் குந்தியிருந்தார். தலை முழுக்க நரைத்துவிட்டது, தோளில் கம்பு பட்ட இடம் காய்ப்பேறிக் கறுத்திருந்தது. நான் யார் என்று சொல்ல வேண்டியிருக்கவில்லை. எழுந்து நின்றார், பழைய மரியாதையோடு. வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு போனதை ஒரு வழியாகச் சொன்னேன். அன்றைக்கு ஓட்டச் சொன்னது நான், அதை நான் சபையில் சொல்லியிருக்க வேண்டும் என்றேன்.

"தெரியும் சார்" என்றார். "அன்னிக்கி வாசல்ல நின்னுகினு உங்க வாயவே பாத்துகினு இருந்தேன். நீங்க எய்ந்து நின்னீங்க. சரி, சார் சொல்லிடுவாருன்னு நெனச்சேன். நீங்க கண்ண மூடிக்கினீங்க."

கோபமாகச் சொல்லியிருந்தால் நான் தாங்கியிருப்பேன். பஸ் எத்தனை மணிக்கு என்று சொல்கிற மாதிரி சொன்னார். பிறகு ஆபிரகாம் எப்படி இருக்கிறான் என்று கேட்டார், காது கேட்காது என்றேன், உச்சுக் கொட்டினார். அதற்குள் ஒரு கனத்த அம்மாள் டோலியில் ஏறி உட்கார்ந்தாள். முன்பக்கம் நின்ற இளவட்டம் சட்டென்று தூக்கப் போனான். முனுசாமி அவனை அதட்டினார், மெதுவாக எழு, கம்பு ஒரே இழுப்பில் முறிந்துவிடும் என்றார். இரண்டு பேரும் முழங்காலில் இருந்து மெல்ல மெல்ல எழுந்தார்கள். கம்பு வளைந்து, நின்றது. பிறகுதான் அடி எடுத்து வைத்தார்கள். அவருக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருந்த பௌதிகத்தை நான் பட்டம் வாங்கிக்கொண்டுதான் மறந்தேன். அன்று மாலை, எங்கே போனீர்கள் நைனா என்று நீ கேட்டபோது, அலிபிரியில் காற்று நன்றாக இருந்தது என்று சொன்னேன்.

இப்போது உன் காரியம். நாளை இந்தக் கடிதத்தைப் படித்ததும் பிரின்சிபாலைப் போய்ப் பார். பட்டியல் டைப் அடிப்பதற்கு முன்னால் பார். கேள்வி சரி, என் விடை தப்பு, நான் வகுப்பில் சொல்லிக்கொடுத்ததும் தப்பு என்று சொல். கேள்வியில் குழப்பம் இருந்தது, மாணவர்கள் புரிந்துகொள்ளவில்லை என்றெல்லாம் வளைத்துச் சொல்லாதே. அந்த நாற்பது பையன்களின் மார்க்கைக் குறைக்க வேண்டாம் என்று கேட்டுக்கொள், நீ சொல்லிக்கொடுத்ததைத்தான் அவர்கள் எழுதினார்கள், தண்டனை அவர்களுக்கு ஏன்? அந்தப் பெண்ணின் மார்க்கை அவளுக்குக் கொடு. அவள் பெயர் பட்டியலில் ஏறினால் மட்டும் போதாது, வகுப்பில் அதே பையன்கள் முன்னால், அவள் சொன்னதுதான் சரி என்று நீ உன் வாயால் சொல்ல வேண்டும். அவள் நின்றது அந்த வகுப்பில்தானே.

பிரின்சிபால் சிரிக்க மாட்டார். மெச்சின கேள்விக்கே விடை தெரியாத வாத்தியார் என்று அவருக்குத் தோன்றலாம். இந்த மாதம் உன் வேலையை நிரந்தரமாக்குவது பற்றி முடிவு செய்யப் போகிறார்கள் என்றும் எழுதியிருக்கிறாய். போனால் போகட்டும் என்று வீரமாக எழுத எனக்கு ஆசைதான். ஆனால் எனக்குப் பயமாக இருக்கிறது, தேவா. உன் அம்மாவிடம் காலையிலிருந்து இதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் பென்ஷனை நம்பி நீ இதைச் செய்ய வேண்டியதில்லை, உனக்கு ஒரு வாசல் மூடினால் இன்னொன்றைத் திறந்துவைக்க என்னிடம் ஆள் பலமும் இல்லை. அது தெரிந்தும்தான் சொல்கிறேன். உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? வேல போனா வேற வேல தேடிக்கலாம், நீ தேடன மாதிரி அவனும் ஒரு நாளு டோலி தூக்கறவன அலிபிரியில போயி தேடணுமா என்றாள். கிணற்று விஷயம் அவளுக்குத் தெரியாது என்றே இத்தனை வருஷமாக நினைத்துக்கொண்டிருந்தேன். முதல் நாளே தெரியுமாம், அன்று ராத்திரி தூக்கத்தில் ஓட்டு, ஓட்டு என்று நான் உளறினேனாம். நானாகச் சொல்வேன் என்று பார்த்துக்கொண்டே இருந்தாளாம்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், இது உபதேசம் இல்லை, அனுபவம். தப்பைச் சொல்வது முதல் நாள்தான் சுலபம். சபைக் கூட்டத்தில் மூன்று வார்த்தை போதுமாக இருந்தது. மறுநாள் சொல்லியிருந்தால், நேற்று ஏன் சொல்லவில்லை என்பதற்கும் பதில் சொல்ல வேண்டியிருக்கும். அடுத்த மாதம் என்றால், அந்த ஜெபத்துக்கும் சேர்த்துப் பதில் சொல்ல வேண்டும். இப்போது பதினெட்டு வருஷத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். உனக்கு இன்னும் இரண்டே நாள்தான் ஆகியிருக்கிறது. பட்டியல் ஒட்டிவிட்டால், அந்தப் பெண்ணுக்குத் தாலி ஏறிவிட்டால், நீ எந்தப் பலகையில் என்ன எழுதினாலும் அவளுக்குப் போய்ச் சேராது. நானூற்று எண்பது என்பது எக்காலத்துக்கும் சரியான விடைதான், ஆனால் வெள்ளிக்கிழமை பத்து மணி வரைக்கும்தான் அது அவளுக்குப் பிரயோசனம்.

உன்னை மட்டும் தள்ளிவிட்டு நான் கரையில் நிற்கப் போவதில்லை. கடிகாரம் பிடித்துக்கொண்டு நின்றது போதும். வருகிற ஞாயிறு ஆராதனை முடிந்ததும், அறிவிப்புகளுக்கு அப்புறம், ஒரு வார்த்தை பேச உபதேசியாரிடம் அனுமதி கேட்டிருக்கிறேன். எதைப் பற்றி என்று அவர் கேட்டார், ஒரு பழைய கணக்கு என்றேன். ஆபிரகாமுக்குக் காது கேட்காது என்பதால் எல்லாவற்றையும் பெரிய எழுத்தில் ஒரு தாளில் எழுதி வைத்திருக்கிறேன், முதலில் அவர் கையில் கொடுத்துவிட்டுத்தான் பேசப் போகிறேன். முனுசாமிக்கும் உன் மாமன் மூலமாகச் சொல்லி அனுப்புகிறேன். அவர் வருவாரோ மாட்டாரோ, வந்தால் இந்தத் தடவை வாசற்படியில் நிற்க விடமாட்டேன். உனக்கு வெள்ளி, எனக்கு ஞாயிறு.

நீ வகுப்புக்குள் நுழையும்போது பையன்கள் எல்லோரும் கரும்பலகையைப் பார்ப்பார்கள். அந்தப் பெண் பலகையைப் பார்க்க மாட்டாள். அவளுக்கு விடை முன்பே தெரியும். அவள் உன் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருப்பாள். கண்ணை மூடிக்கொள்ளாதே, மகனே.

உன் நைனா